நீலகிரித் தோட்டங்களில் ட்ரெய்லரும் இழுவைக் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நஞ்சநாடு, இத்தலார், எமரால்டு, கேத்தி, கோத்தகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் இன்று மினி டிராக்டரோ பவர் டில்லரோ (கைப்பிடி பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு வண்டி) இல்லாமல் கேரட், உருளைக்கிழங்கு வேலை ஓடுவதில்லை. ஆனால் வண்டியோடு வரும் கையேடு சமதளத்தை மனதில் வைத்து எழுதியது. நம் தோட்டத்துப் பாதையோ ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். அதனால் மலையில் வண்டி ஓட்டும் தம்பிகளும் தோட்டக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் இறக்கம், கொக்கி, பி.டி.ஓ. (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டு) பற்றிய பதில்களையாவது முழுதாகப் படித்துவிடுங்கள், உயிர் போவது பெரும்பாலும் அந்த மூன்றில்தான்.

மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் பல வருடம் டிராக்டர் ஓட்டியவர் மலைக்கு வந்தால் புதிதாக என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

ஏற்றத்தில் சிரமம் வந்தால் கண்ணுக்குத் தெரியும், எஞ்சின் முக்கும், வண்டி நிற்கும். இறக்கத்தில் எதுவும் முன்கூட்டித் தெரியாது. பத்து அடிக்கு ஓர் அடி இறங்கும் பாதையில் 2 டன் எடையுள்ள ட்ரெய்லர் உங்கள் டிராக்டரைப் பின்னாலிருந்து ஏறக்குறைய 200 கிலோ அழுத்தத்தோடு தள்ளிக்கொண்டே இருக்கும். நேர்ப்பாதையில் அது பெரிதாகத் தெரியாது. வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்ததும் அந்தத் தள்ளுதல் டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பிக்கும், அப்போது பிரேக்கை அழுத்தமாக மிதித்தால் டயர் சறுக்கி, டிராக்டரும் ட்ரெய்லரும் கத்தி மடிவதுபோல மடங்கிக்கொள்ளும். சமவெளியில் இந்த நிலை அநேகமாக வராது, அதனால்தான் அனுபவசாலிகளும் இங்கே வந்து ஏமாந்துபோகிறார்கள். பழக்கம் வரும்வரை காலி ட்ரெய்லரோடு அதே பாதையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், பிறகு பாதி லோடு, அப்புறம்தான் முழு லோடு.

இறக்கத்தில் எந்த கியர்?

அந்த மேட்டை லோடோடு ஏற எந்த கியர் போடுவீர்களோ அதே கியர், அல்லது அதற்கும் ஒன்று கீழே. அதை இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்ற கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும், பாரம் வேகம் பிடிக்கும், திரும்பக் கியர் விழாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி விடுவதும், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் வேண்டவே வேண்டாம். மிச்சமாகும் டீசல் ஒரு டீக்குக் கூடக் காணாது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும், இறக்கத்தில் அதற்கும் மேலே.

நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டர் என்றால் இறக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். பல டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான், நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்.

டிராக்டரில் இரண்டு பிரேக் பெடல் எதற்கு? சேர்த்துப் பூட்ட வேண்டுமா?

வயலில் சுருக்கமாகத் திருப்ப ஒரு பக்கம் மட்டும் மிதிப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ட்ரெய்லர் மாட்டினாலே, சாலையானாலும் தோட்டப் பாதையானாலும், இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுங்கள். லோடோடு இறங்கும்போது ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டால் வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

பவர் டில்லரில் ட்ரெய்லர் மாட்டி இறங்கும்போது, திருப்பினால் எதிர்ப்பக்கம் போகிறது. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை. இதைத் தெரியாமல் ஓட்டுவதுதான் ஆபத்து, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டில்லரின் இரண்டு கைப்பிடிகளிலும் ஒவ்வொரு ஸ்டியரிங் கிளட்ச் இருக்கும். சமதளத்தில் எஞ்சின்தான் சக்கரங்களை உருட்டுகிறது. இடது கிளட்சை அமுக்கினால் இடது சக்கரத்துக்கு இழுவை நின்றுபோகும், வலது சக்கரம் மட்டும் முன்னேறும், வண்டி இடப்பக்கம் திரும்பும். சரி. இறக்கத்தில் நடப்பது வேறு. அங்கே பின்னாலிருக்கும் பாரம் வண்டியைத் தள்ளுகிறது, எஞ்சினோ சக்கரங்களை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் இடது கிளட்சை அமுக்கினால் இடது சக்கரத்தின் பிடி விட்டு அது தாறுமாறாக ஓடும், வலது சக்கரம் பிடிபட்டே இருக்கும், வண்டி வலப்பக்கம் திரும்பும். வலது பக்கம் பள்ளம் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பயத்தில் ஓட்டுபவர் இடது கிளட்சை இன்னும் இறுக்கி அமுக்குவார், அது அவரை இன்னும் வலது பக்கமே கொண்டுபோகும்.

இறக்கத்தில் ஸ்டியரிங் கிளட்சையே தொடாமல், கீழ் கியரில், மிகக் குறைந்த வேகத்தில், கைப்பிடியை உடம்பால் தள்ளித் திருப்புவதுதான் வழி. ட்ரெய்லர் சீட்டுக்குக் கீழே இருக்கும் கால் பிரேக்கை லேசாக மிதித்தபடி இறங்கினால் பாரம் முன்னே தள்ளாது. அந்த பிரேக் வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கு லோடு ஏற்றாதீர்கள். கைப்பிடியை மட்டும் வைத்துத் திருப்ப முடியாத அளவுக்குச் சுருக்கமான வளைவு இருக்கிற பாதை டில்லர் ட்ரெய்லருக்கான பாதை அல்ல, சின்ன லோடாகத் தலைச்சுமையில் கடத்தி அடுத்த மேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். புதிதாக டில்லர் பிடிக்கிற பையன் வீட்டில் இருந்தால் காலி ட்ரெய்லரோடு, அகலமான புல்தரைச் சரிவில், இந்த எதிர்ப்பக்கத் திருப்பத்தை அவன் கண்ணாலேயே பார்க்கும்படி ஒருமுறை செய்து காட்டுங்கள். வாயால் சொன்னால் ஏறாது.

எவ்வளவு லோடு ஏற்றலாம்?

ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், ட்ரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடை இழுக்கும் வண்டியின் எடையைத் தாண்டக் கூடாது என்பதுதான் மலைக்கு நான் சொல்லும் கணக்கு. சமவெளியில் இதைவிட அதிகம் இழுப்பார்கள், அதை இங்கே கொண்டுவராதீர்கள். 13 குதிரைத்திறன் டில்லரின் எடை சுமார் 400 முதல் 500 கிலோதான் இருக்கும், அதன் பின்னால் ஒரு டன் கேரட்டை மாட்டினால் ஏற்றத்தில் இழுத்துவிடும், இறக்கத்தில் நிறுத்தாது. எஞ்சினின் பலத்தைப் பார்த்து லோடு ஏற்றுவது இந்த மலையில் பரவலாக இருக்கும் தவறு, பிரேக்கையும் எடையையும் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

அடுக்குவதும் முக்கியம். இரண்டு சக்கர ட்ரெய்லரில் பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும், கொக்கியில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது உட்கார வேண்டும். மூட்டையெல்லாம் பின்னால் சேர்ந்தால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரத்தில் எடை குறைந்து பிடிமானம் போய்விடும், ஏற்றத்தில் இது இன்னும் மோசம். கழுவிய கேரட் மூட்டையில் தண்ணீர் எடையும் சேரும் என்பதை மறக்காதீர்கள். கோஸ் மாதிரி இடம் அடைக்கும் சரக்கை உயரமாக அடுக்கத் தோன்றும், உயரம் கூடக் கூட வளைவில் சாய்வது சுலபமாகும், அதனால் இரண்டு நடையாகப் போடுங்கள்.

ட்ரெய்லரை எங்கே மாட்டுவது? பின் அச்சிலோ மேல் கம்பியிலோ மாட்டினால் இழுவை நன்றாக இருக்கிறது என்கிறார்களே?

டிராபார் என்று வண்டியின் அடியில் தாழ்வாக ஓர் இழுவைக் கம்பி இருக்கிறதல்லவா, அதில் மட்டும். வேறெங்கும் மாட்டக் கூடாது.

டிராக்டரின் பின்சக்கர அச்சுக்கு மேலே கொக்கி போட்டால், பாரம் இழுபடாமல் மாட்டிக்கொள்ளும்போது சக்கரம் முன்னே போவதற்குப் பதிலாக டிராக்டரின் முன்பகுதி மேலே எழும். அச்சைச் சுற்றி வண்டி அப்படியே பின்பக்கமாகப் புரளும். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்த பிறகு முக்கால் விநாடியில் திரும்ப முடியாத நிலை வந்துவிடும், கிளட்சை மிதிக்க நினைக்கிற நேரம்கூடக் கிடைக்காது. ஏற்றத்தில் நின்றால் முன்பகுதி ஏற்கெனவே தூக்கியபடி இருக்கிறது, எனவே அந்த நேரம் இன்னும் குறையும். அதனால் ஏற்றத்தில் லோடோடு கிளம்பும்போது கிளட்சைச் சட்டென்று விடாமல் மெதுவாக விடுங்கள். முன்பக்கம் எழுவதுபோலத் தோன்றினாலே உடனே கிளட்சை மிதித்துவிட்டு, லோடைக் குறைத்துக்கொண்டு மறுபடி கிளம்புங்கள்.

கொக்கி பின்னுக்கு (ட்ரெய்லரை டிராபாரில் கோர்க்கும் இரும்பு ஆணி) பதிலாகக் கம்பித்துண்டு போட்டால் போதாதா?

போதாது. கட்டடக் கம்பி வளையும், வழுக்கி மேலே வரும். பின்னைக் கையில் எடுத்து நடுவில் விரலால் தடவிப் பாருங்கள், டிராபார் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் நகத்துக்குத் தட்டுப்படும், அப்படிப்பட்ட பின்னை அன்றே மாற்றுங்கள். கீழே பூட்டுக் கிளிப் இருக்க வேண்டும், கயிற்றால் கட்டி வைப்பது கணக்கில் சேராது. பின்னோடு சேர்த்து, ட்ரெய்லரிலிருந்து டிராக்டருக்கு ஒரு சங்கிலியும் மாட்டுங்கள். பின் அறுந்தாலும் ட்ரெய்லர் தனியாக உருண்டு கீழே இருக்கும் வீட்டுக் கூரைமேல் போய் விழாமல் அது பிடித்துவைக்கும். நம் ஊரில் வீடுகள் தோட்டத்துக்குக் கீழேதானே இருக்கின்றன.

சேற்றில் சக்கரம் புதைந்துவிட்டது. டயரில் கட்டை கட்டி ஏற்றலாமா?

கூடவே கூடாது. டயரோடு கட்டையைச் சேர்த்துக் கட்டிவிட்டு கியர் போட்டால், சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிடும், டிராக்டர் சுற்றும், அதாவது மேலே சொன்னபடி பின்னால் புரளும். ட்ரெய்லரைக் கழற்றுங்கள், சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சாய்வாக்குங்கள், கல்லோ தழையோ போடுங்கள், முடிந்தால் பின்பக்கமாக எடுத்துப் பாருங்கள். இன்னொரு வண்டி இழுக்கிறது என்றால் சங்கிலியைத் தாழ்வாக மாட்டி, மெதுவாக, வெட்டி இழுக்காமல் இழுக்க வேண்டும். நைலான் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும், அதனால் சுற்றி நிற்பவர்கள் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் விலகி நிற்கட்டும்.

பி.டி.ஓ. தண்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது. அது இல்லாமல் ரோட்டாவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கருவி), பம்ப் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. துணியின் ஒரு நூல் மாட்டினால் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கையை உதறி விடுவிப்பேன் என்பதெல்லாம் நடக்காது, உடம்பும் துணியோடு சேர்ந்து போகும்.

குளிர் நாட்டுக்காரர்கள் நாம். காலை ஏழு மணிக்கு மப்ளர், ஸ்வெட்டர், சால்வை, மேலே தளர்ந்த ரெயின்கோட், பெண்கள் என்றால் புடவை மேல் போர்த்திய துண்டு என்று அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டுதான் வேலைக்கு வருகிறோம். அதில் எது தொங்கினாலும் அந்தத் தண்டு பிடித்துக்கொள்ளும். மப்ளரைக் கழற்றி வண்டியில் வையுங்கள், ஸ்வெட்டர் பட்டன்களைப் போடுங்கள், ரெயின்கோட்டின் நாடாவை உள்ளே செருகுங்கள். தண்டைத் தாண்டிக் குதித்துப் போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், சுற்றிப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது.

உறை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சினை அணைத்து சாவியை எடுத்த பிறகு அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டு அசையாமல் உறை மட்டும் சுலபமாகச் சுற்ற வேண்டும், அது தனியாகச் சுற்றினால்தான் துணி பட்டாலும் நின்றுபோகும். உறையைக் கட்டி நிறுத்தும் சின்னச் சங்கிலியும் இருக்க வேண்டும். உருளை தோண்டும் கருவியில் செடித்தண்டு சிக்கிக்கொண்டால் எஞ்சின் ஓடும்போது கை வைக்காதீர்கள். பி.டி.ஓ. நெம்புகோலை எடுத்துவிட்டு, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, தண்டு முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும்.

படிக்கட்டு நிலத்தில் ஓரம் வரைக்கும் உழலாமா?

படிக்கட்டுச் சுவரின் உயரம் எவ்வளவோ அந்த அளவாவது ஓரத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். நான்கடிச் சுவர் என்றால் நான்கடி தள்ளி. மழையில் ஊறிய மண் என்றால் இன்னும் தள்ளி, ஏனெனில் நம் செம்மண் ஈரத்தில் பார்க்க உறுதியாக இருந்து திடீரென்று உட்காரும். ஓரத்தில் மிச்சமாகும் பட்டையை மண்வெட்டியால் கொத்துங்கள், அல்லது புல் விடுங்கள், சுவரும் நிற்கும். திரும்பும் இடத்தில் கருவியைத் தூக்கிவிட்டுத் திரும்பும்போது டிராக்டரின் எடை பின்னே போகும், முன்சக்கரம் லேசாகும், ஓரத்தை நோக்கித் திருப்பாமல் மேட்டுப் பக்கம் பார்த்துத் திரும்புங்கள்.

தண்ணீர் டேங்க் இழுக்கிறோம். பாதி டேங்க் என்றால் பாதுகாப்பு கூடுதல்தானே?

பாரம் குறைகிறது, ஆபத்து குறைவதில்லை. பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் வளைவில் ஒரு பக்கம் மொத்தமாகப் பாயும், பிரேக் போட்டால் முன்னே பாயும், அந்த ஆட்டம் ட்ரெய்லரையே சாய்த்துவிடும். தடுப்புப் பலகை வைத்த டேங்க் வாங்குங்கள். இல்லையென்றால் சின்ன டேங்காக எடுத்து முழுதாக நிரப்பிக் கொண்டுபோங்கள். கோடையில் கேரட்டுக்குத் தண்ணீர் அவசரம் என்று எல்லோரும் பறப்பார்கள், வேகம்தான் இங்கே முதலில் கவிழ்க்கும்.

தேயிலை பறிக்கும் பெண்களை ட்ரெய்லரில் ஏற்றிப்போகலாமா? தூரம் ரொம்ப இல்லை.

வேண்டாம். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படியும் தவறு, விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் கிடைப்பதும் சந்தேகம். ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ட்ரெய்லரில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, ஒரு குழியில் சக்கரம் இறங்கினாலே உட்கார்ந்திருப்பவர் வெளியே விழுந்து பின்சக்கரத்துக்கு அடியில் போவார். மட்கார்டில் உட்காரும் பையன்களுக்கும் இதேதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையை "ஏறிக்கோ கண்ணு" என்று மடியில் தூக்கி வைக்கும் தாத்தாக்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், பாசத்தை வீட்டில் காட்டுங்கள். டிராக்டரில் ஒரே சீட், ஒரே ஆள்.

மேலே வளைவுக் கம்பி இருக்கிற வண்டிக்கு சீட் பெல்ட் தேவையா?

கட்டாயம். கவிழும்போது அந்தக் கம்பிதான் ஆளைக் காப்பாற்றும், ஆனால் பெல்ட் இல்லையென்றால் ஆள் கம்பிக்கு வெளியே போய் விழுந்து அதே கம்பிக்கு அடியில் மாட்டிக்கொள்வார். கம்பியே இல்லாத பழைய டிராக்டரில் பெல்ட் போடக் கூடாது, குதித்துத் தப்பிக்கும் வாய்ப்பும் போய்விடும். மரக்கிளை இடிக்கிறது என்று கம்பியை மடக்கி வைத்திருப்பவர்கள் வெளியே வந்ததும் நிமிர்த்திவிடுங்கள்.

பனி, மூடுபனி, மழை?

டிசம்பர், ஜனவரி காலைகளில் உறைபனி விழுந்த புல் சரிவில் வெயில் வந்து காயும்வரை ட்ரெய்லர் இறக்க வேண்டாம். மூடுபனியில் ட்ரெய்லரின் பின்பக்கம் சிவப்பு ஒளிரும் பட்டை இல்லாவிட்டால் பின்னால் வரும் சுற்றுலா கார்க்காரருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது, பட்டை ஒட்டிவிடுங்கள், முக்கோணமும் மாட்டுங்கள், சேறு பூசியிருந்தால் துடையுங்கள். தொடர்மழைக்குப் பிறகு பாதையில் புதிதாக விரிசல் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பாருங்கள். அதிகாலையில் காட்டெருமை பாதையில் நின்றால் ஹாரன் அடித்து விரட்டாதீர்கள், தூரத்திலேயே நின்று எஞ்சினை அணைக்காமல் காத்திருங்கள், அது போகட்டும்.

சரிவில் ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்துவது எப்படி?

சமதளம் கிடைத்தால் அங்கேதான். கிடைக்காவிட்டால் முதலில் ட்ரெய்லரின் இரண்டு சக்கரங்களுக்கும் கீழ்ப்பக்கம் கட்டை வையுங்கள், முன்காலை இறக்கி அடியில் பலகை போடுங்கள், அதன் பிறகு பின்னை எடுங்கள். வரிசை மாறினால் ட்ரெய்லர் கிளம்பிவிடும். உருண்டைக் கல்லை முட்டுக் கொடுப்பது பெரிய ஆபத்து, கல் சக்கரத்தோடு சேர்ந்து உருளும். கழற்றும்போது டிராக்டருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஆள் நிற்க, இன்னொருவர் வண்டியைப் பின்னே எடுப்பது இங்கே தினமும் நடக்கிறது. அவர் வெளியே வரும்வரை வண்டி அசையக் கூடாது, கை சாடை கொடுப்பவரும் ஒரே ஒருவராக இருக்கட்டும்.

வாடகைக்கு வண்டி எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டிகளை உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். தனியாரிடம் எடுத்தால் ட்ரெய்லர் பிரேக், பி.டி.ஓ. உறை, பின் கிளிப், டயர் தேய்மானம் நான்கையும் வண்டி தோட்டத்துக்குள் வரும் முன்பே பாருங்கள். ஓட்டுநரைப் பாதையில் ஒருமுறை நடத்திக் கூட்டிப்போய் ஈரமான இடம், சுவர் இடிந்த இடம், மூடாத பள்ளம் எல்லாவற்றையும் காட்டுங்கள். வேலைக் கணக்கில் கூலி என்றால் அவர் அவசரப்படுவார், அதனால் மணிக்கணக்கில் பேசிக்கொள்வது நல்லது. "இந்த இறக்கம் சரிப்படாதுங்க அண்ணா" என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

வண்டி கவிழ்ந்து ஆள் அடியில் மாட்டிக்கொண்டால்?

எஞ்சினை அணையுங்கள். 108-க்கு உடனே கூப்பிடுங்கள், சிக்னல் கிடைக்காவிட்டால் ஒருவர் மேட்டுக்கு ஓடட்டும், இன்னொருவர் ஆம்புலன்ஸ் வழி தவறாமல் இருக்க மெயின் ரோட்டுத் திருப்பத்தில் போய் நிற்கட்டும். ஊர்ப் பெயரோடு பக்கத்தில் இருக்கும் கோயில், தேயிலைத் தொழிற்சாலை, பஸ் நிறுத்தம் எதையாவது அடையாளமாகச் சொல்லுங்கள். வண்டி மேலும் உருளாதபடி கட்டை, கல் வைத்து முட்டுக் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கையால் தூக்கப் பார்க்காதீர்கள், பாதியில் நழுவினால் இரண்டாம் முறை நசுங்கும். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம், ஸ்வெட்டரோ கம்பளியோ போர்த்துங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தோட்டத்தில் தனியாக வண்டி ஓட்டுபவர் என்றால், எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும், நேரம் தாண்டினால் தேடிப்போக ஆள் இருக்கும்.